கேள்வி பதில்: ரப்பர் விலையும் இரண்டு இசங்களும்

தேவைக்கு ஏற்ப உற்பத்தியைச் சந்தையே சரிசெய்யும் என்கிறார்களே, ரப்பர் விலை மட்டும் ஏன் இப்படி ஏறி விழுகிறது? (வாசகர், குலசேகரம்)

சரிசெய்யத்தான் செய்யும், ஏழு வருடம் பிந்தி. ரப்பர் கன்று நட்டால், பட்டையைக் கீறிப் பால் எடுக்க, அதாவது பால் வெட்ட, ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். விலை ஏறுகிற வருடத்தில் இங்கும் நடுவார்கள், தாய்லாந்திலும் வியட்நாமிலும் நடுவார்கள். யார் எவ்வளவு நட்டார் என்பது அத்தனை மரமும் வெட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். 2011-ல் ஆர்.எஸ்.எஸ்.4 ஷீட் (புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) கிலோ 240 ரூபாயை ஒட்டி விற்றது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. கச்சா எண்ணெய் மலிந்து செயற்கை ரப்பர் விலை இறங்கியதும் அதோடு சேர்ந்துகொண்டது.

விலை விழுந்தால் வெட்டை நிறுத்து என்பது பாடப்புத்தக யோசனை. விளைக்காரர் (தோட்ட உடைமையாளர்) நிறுத்தினாலும் மரம் நிற்கும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டுத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போனால் போனதுதான். முதலாளித்துவத்தின் மேல் மார்க்சியர் வைக்கும் குற்றச்சாட்டில் எனக்கு மறுக்க முடியாத இடம் இது.

அப்படியானால் எல்லாவற்றையும் அரசே திட்டமிட்டால் என்ன? (வாசகர், மார்த்தாண்டம்)

சோவியத் ஒன்றியம் செய்து பார்த்தது. இரும்புத் தகட்டுக்கு இலக்கை டன்னில் வைத்தபோது ஆலைகள் தகட்டைத் தடிமனாக்கின. பரப்பளவில் வைத்தால் மெல்லியதாக்குவதுதான் லாபம். நம் தோட்டத்தில் கிலோ கணக்கில் கட்டாய இலக்கு வைத்தால் என்ன நடக்கும்? ஈரம் காயாத ஷீட் எடைக்கு வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தைத் தினமும் வெட்டுவார்கள். பட்டை வறண்டு பால் நின்றுவிடும். இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் சந்தை விலை இல்லாவிட்டால் எது வீண், எது லாபம் என்று கணக்கிடவே முடியாது என்று 1920-லேயே பொருளாதார அறிஞர் மீசஸ் எழுதினார்.

விவசாயத்தில் விளைவு கொடூரமானது. நிலங்களைக் கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைகளாக்கித் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். பிற்காலத்தில் குடும்பங்களுக்கு விட்டுவைத்த துண்டு நிலம் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம்தான், விளைச்சலில் அதன் பங்கோ ஏறத்தாழ கால்வாசி. எழுத்தறிவையும் எல்லோருக்கும் வேலையையும் அந்த ஆட்சி கொடுத்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரசு ரப்பர் கழகம் கம்யூனிசம்தானே? (வாசகர், பூதப்பாண்டி)

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த ஊரிலிருந்து இதைக் கேட்காமல் வேறெங்கிருந்து கேட்பார்கள்! இல்லை. 1984-ல் தொடங்கிய அந்தக் கழகத்தின் உடைமை தமிழ்நாடு அரசுடையது, ஆனால் சரக்கு சந்தை விலைக்குத்தான் போகிறது. அரசு முதலாளியாக இருக்கிறது, அவ்வளவே.

இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா? (வாசகர், குளச்சல்)

உங்கள் கடற்கரையிலேயே பாருங்கள். முன்பணம் கொடுத்த வியாபாரி, மீனைத் தன்னிடமே தான் சொல்லும் விலைக்குப் போடச் சொல்வார். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பின் வழி வேறு. கிராமச் சங்கம் தன் விற்பனையாளரை வைத்துக் கரையில் ஏலம் விடும். விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிக்கும். விலையை வியாபாரிகளின் போட்டி தீர்மானிக்கிறது, கடனை உறுப்பினர்களின் சங்கம் கையாள்கிறது.

இதுவும் உடையும். மீன்பாடு நன்றாக உள்ள நாளில் வேறு கரையில் விற்றால் பிடித்தம் தப்பும். பத்து வள்ளம் அப்படிச் செய்தால் அடுத்தவர் எஞ்சினுக்குக் கடன் கொடுக்கச் சங்கத்தில் பணம் இராது, அவர் பழைய வியாபாரியிடமே போய் நிற்பார்.