யூதர் நடத்தும் கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: நியூஜெர்சிக்கு வந்து 8 மாதம்தான் ஆகிறது, ஜூன் கடைசியில் பள்ளி மூடினால் 7 வயது மகனுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் விடுமுறை, உங்கள் இருவருக்கும் வேலை, பக்கத்து யூத சமூக மையத்துப் பகல் முகாமில் நம் பிள்ளையை எடுப்பார்களா, எடுத்தாலும் அவன் மனதில் வேறு மதம் ஏறிவிடுமோ என்று.

எடுப்பார்கள். ஜேசிசி என்று இங்கே எல்லோரும் சொல்கிற அந்த மையங்களின் பகல் முகாமில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். என் மகன் இரண்டு கோடை போனான். மதம் என்று அவன் பார்த்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம்தான்: யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான ஷபாத் வருகிறது என்று பாட்டு, கொஞ்சம் திராட்சைச் சாறு, சடை பின்னினதுபோல் இருக்கும் ஹல்லா ரொட்டி. முதல் வெள்ளியன்று ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றி, ஈர டவலுக்குள் நசுங்கிப்போனதை, "அப்பத்தாவுக்கு" என்று கொண்டுவந்து நீட்டினான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதை டீயில் தொட்டுச் சாப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலிலேயே நிற்க ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாட்டு விதியை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோஷர் என்கிற யூத உணவு முறையில் இறைச்சியும் பாலும் ஒன்றாகக் கூடாது என்பதால் எங்கள் முகாமில் வீட்டிலிருந்து இறைச்சி கொடுத்தனுப்பக் கூடாது, ஒவ்வாமைக்காக வேர்க்கடலையும் கூடாது. தயிர்சாதத்துக்குத் தடையில்லை, கடலைச் சட்னிக்குத்தான் தடை.

நீச்சலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் மகன் வளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தது அதில்தான். முதல் நாளே எல்லோரையும் தண்ணீரில் இறக்கிப் பார்த்து, யார் எதுவரை போகலாம் என்று கையில் நிறப்பட்டை கட்டிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். இவனுக்கு ஆழமில்லாத பக்கத்துப் பட்டை. ஜோடிப் பையன் வேறு நிறத்துக்கு மாறிப் போனதும் வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. நான் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினேன், இவன் அப்பா விடவில்லை. ஆறாவது வாரம் பட்டை மாறியது. எங்களிடம் அவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, தூங்கும்போதும் அதைக் கழற்றாமல் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் போய்ப் பேசியிருந்தால் அது அவனுடைய பட்டையாக இருந்திருக்காது தம்பி.

தங்கும் முகாம் வேறு. அது பெரும்பாலும் யூதப் பிள்ளைகளுக்கே. நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் வளர்ந்த ஏழைப் பையன்களுக்குக் காற்றும் மரமும் கிடைக்கட்டும் என்று 1902-இல் தொடங்கிய சர்ப்ரைஸ் லேக் முகாம் இன்றும் நடக்கிறது. எதிர்வீட்டுப் பெண் போவது ராமா என்ற பெயரில் பல இடங்களில் நடக்கும் யூத முகாம்களில் ஒன்று, அவற்றில் முதலாவது 1947-இல் விஸ்கான்சினில் வந்தது. அவள் முதல்முறை போனபோது 9 வயது, 4 வாரம், கையில் போன் கிடையாது. இரண்டாம் நாள் எழுதிய கடிதத்தில் "என்னைக் கூட்டிப்போங்கள்" என்று ஒரே வரி. அது தபாலில் வந்து சேர்வதற்குள் முகாம் வெளியிட்ட படங்களில் அவள் மூன்று பெண்களின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தை வைத்துக்கொண்டு அவள் அம்மா என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார், ஆனால் காரை எடுக்கவில்லை. அந்த உறுதியை நான் அவரிடம்தான் கற்றேன்.

திரும்பி வந்தவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டதும் எல்லோர் தட்டையும் அடுக்கிக்கொண்டு எழுந்தாள். அங்கே பிள்ளைகள்தான் மேசையைத் துடைக்க வேண்டும், தங்கும் அறையைப் பெருக்க வேண்டும். பெருக்குவதற்கு "நிகாயோன்", சாப்பாட்டுக் கூடத்துக்கு "ஹதர் ஓஹெல்" என்று யூதர்களின் எபிரேய மொழியிலேயே பெயர். பாடத்தில் மட்டுமல்ல, துடைப்பத்தோடும் பசியோடும் மொழி வந்துவிடுகிறது. சொல்லிக்கொடுப்பவர்களும் சில வருடம் முன்பு அதே கட்டிலில் படுத்த 18, 19 வயதுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளிக்கு என் மகனைக் காரில் ஏற்றப் படும் பாட்டை நினைத்தால், நமக்கும் இப்படி நாலு வாரம் ஒரு ஏரிக்கரை முகாம் வேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், குளிர்காலத்திலேயே பதிந்துவிடுங்கள். கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் உதவித்தொகை கேளுங்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இருவரும் வேலை செய்வதால் பகல் முகாமின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், குழந்தைப் பராமரிப்புக்கான வரிச்சலுகையில் காட்டலாம், தங்கும் முகாமுக்கு அது கிடையாது. தடுப்பூசி விவரத்தோடு மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் கேட்பார்கள், அதற்கு இப்போதே நேரம் வாங்குங்கள். அப்புறம், டவலில் பெயர் எழுதுங்கள், இரண்டு டவலிலும்.