ஆவணியில் கல்யாணம், 15 வயதிலிருந்து இந்தப் பழக்கம்...

கேள்வி: எனக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். 15 வயதிலிருந்து சுய இன்பப் பழக்கம் உண்டு. வாரத்துக்கு மூன்று, நான்கு முறை. முக்கி மலம் கழிக்கும்போது வெள்ளையாக ஏதோ வருகிறது. சில நாள் சிறுநீரும் கலங்கலாகப் போகிறது. முதுகு வலி, அசதி வேறு. லாட்ஜில் முகாம் போட்டிருந்த வைத்தியர், நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது என்று 18,000 ரூபாய்க்கு லேகியம் எழுதினார். பாதிப் பணம் கட்டிவிட்டேன். ஆவணியில் கல்யாணம். நிறுத்திவிடலாமா? பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கல்யாணத்தை நிறுத்தாதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஆண்மைக் குறைவுக்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. வயது வந்த உடம்புக்கு ஆசை வருவது இயல்பு. அதை யாருக்கும் தொந்தரவில்லாமல் நீங்களே தணித்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த வெள்ளை நீர் என்ன என்று பார்ப்போம். மலக்குடலுக்கு முன்னால் ஒட்டினாற்போல் புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. மலச்சிக்கலில் முக்கும்போது அது அழுந்தி, உள்ளே ஊறும் பால் போன்ற நீர் இரண்டு சொட்டு வெளியே வரும். கீரையும் தண்ணீரும் சேர்த்துக்கொண்டு மலச்சிக்கல் சரியானால் இதுவும் குறைந்துவிடும்.

சிறுநீர் கலங்கலுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். உங்களைப் போலவே ஓர் இளைஞர், சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்து செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். “பாருங்க டாக்டர், எல்லாம் போகுது” என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த பதத்தில் சில சொட்டு விட்டோம். பாலாக நின்றது அவர் கண்ணெதிரே தெளிந்து போனது. அது பாஸ்பேட் உப்பு. சிறுநீரில் காரத்தன்மை கூடினால் அது கரையாமல் மிதக்கும். அமிலம் பட்டதும் கரைந்துவிடும். குழாயைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதுவரை இரண்டு வருடமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். உங்களுக்கும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று போதும். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது தொற்றாக இருக்கலாம்.

விந்து போவதால் உடம்பு உருகுகிறது என்ற பயம் நம் பக்கத்தில் எவ்வளவு பரவலானது என்றால், மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் அதற்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்தார். தாது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். வெள்ளைக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ இதே பயத்தை 1760இல் புத்தகமாகவே எழுதினார். ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அசதி வந்தாலும் முதுகு பிடித்தாலும் இதைத்தான் காரணமாக நினைப்பான். ஒரு சொட்டு விந்துக்கு அறுபது சொட்டு ரத்தம் என்பதும் கட்டுக்கதை. ரத்தத்தைக் காய்ச்சி விந்து உருவாவதில்லை. ஒருமுறை வெளியேறுவது ஒரு டீஸ்பூனுக்குள்தான். பெரும்பகுதி நீர், புரதம் கால் கிராம் இருந்தால் அதிகம். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. விந்தணுக்களோ தினமும் பல கோடி உருவாகிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் வெளியேற்றாவிட்டால் தூக்கத்தில் தானே போகும், இல்லையென்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். சேமித்து வைக்கிற பொருள் இல்லை அது.

பழக்கத்தை விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதுதான் மனதில் இருக்கும் என்று தெரிகிறது. விட வேண்டாம். உடம்பின் இறுக்கம் தளர்கிறது, பலருக்கு நல்ல தூக்கம் வருகிறது, பால்வினை நோய்ப் பயம் இல்லை. எது இதமாக இருக்கிறது, எப்போது உச்சம் நெருங்குகிறது என்று தன் உடம்பைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழியும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் எப்போதாவது தோன்றினால் அது மனைவிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. ஒன்றிரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மிக இறுக்கிப் பிடித்தே பழகினால் உறவின்போது உச்சம் வரத் தாமதமாகலாம், பிடியைத் தளர்த்துங்கள். தோல் எரிந்தால் இரண்டு நாள் விடுங்கள். வாரத்துக்கு இத்தனை முறை என்று கணக்கு எதுவும் கிடையாது. வேலை, தூக்கம், மனிதர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதிலேயே மூழ்கி, நிறுத்த நினைத்தும் முடியாமல் தவித்தால், அப்போது மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் அந்த நிலையில் இல்லை.

முதல் இரவில் ஒருவேளை விறைப்பு சரியாக வராமல் போகலாம். அலைச்சல், கூச்சம், ‘நம்மால் முடியுமா’ என்ற பயம், இவை போதும் அதற்கு. பழக்கத்தின் மேல் பழி போடாமல், பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்குங்கள். நாளை இருக்கிறது, அடுத்த வாரமும் இருக்கிறது. காலையில் எழும்போது விறைப்பு இருந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன என்றே பெரும்பாலும் அர்த்தம். காலை விறைப்பும் நின்று, மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க மேஜையில் குனிந்து துணி வெட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் எப்படி? மேஜையின் உயரத்தைப் பாருங்கள், மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நடங்கள். அசதிக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடலாம்.

பெண்ணிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் நெருக்கம் வந்தபின் இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் தயங்காதீர்கள். பெண்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவர்களுக்கும் இது இயல்பானதே. கன்னித்தன்மை போய்விட்டதா, குழந்தை பிறக்காதா என்று அழுதுகொண்டே என்னிடம் கேட்ட பெண்கள் இருக்கிறார்கள். வருகிற பெண்ணுக்கும் அப்படி ஒரு பயம் மனதில் இருந்தால், உங்களுக்கு நான் சொன்னதை அவருக்கு நீங்கள் சொல்லலாம். தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த மனைவி அதை உங்களிடம் சொன்னால், காது கொடுத்துக் கேளுங்கள்.

லேகியத்தை இன்றே நிறுத்துங்கள். ‘மூலிகை’ என்று விற்கும் இத்தகைய மருந்துகளில் சில்டெனாஃபில் (வயாகரா மாத்திரையில் இருக்கும் மருந்து) கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மீதி 9,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். மிரட்டி போன் செய்தால் போலீசில் சொல்வேன் என்று சொல்லுங்கள். கல்யாணச் செலவு நெருங்குகிற நேரம், அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.