சின்ன மரத்துண்டில் இணைப்பு வெட்டும்போது கையால் அழுத்திப் பிடித்தால் போதுமா?

60 மி.மீ. நீளம், 20 மி.மீ. கனமுள்ள துண்டுகளின் முனையில் கழுந்து (இன்னொரு துண்டின் துளைக்குள் நுழையும் நாக்கு) வெட்ட வேண்டும், ரவுட்டர் மேசையில் (சுழலும் வெட்டுக்கத்தி நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மேசை) வைத்தால் துள்ளுகிறது, கையால் அழுத்திப் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ரவுட்டர் பிட், அதாவது அந்தக் கத்தி, நிமிடத்துக்கு பத்தாயிரம், இருபதாயிரம் என்று சுற்றுகிற சாமான், அது துண்டைக் கவ்விவிட்டால் நாம் சுதாரிப்பதற்கு நேரமே கிடையாது.

நானும் ஒரு காலத்தில் கையால் பிடித்தவன்தான். சின்னப் பெட்டி ஒன்றுக்கு ஓரப்படி (விளிம்பில் படி மாதிரி எடுக்கும் வெட்டு) வெட்டிக்கொண்டிருந்தேன், மூன்று துண்டு ஒழுங்காக வந்துவிட்டது, அந்தத் தைரியத்தில் நாலாவதைக் கொஞ்சம் வேகமாகத் தள்ள, அதன் முனை ஃபென்ஸின் (துண்டை ஒட்டித் தள்ளுகிற தடுப்பு) நடு இடைவெளிக்குள் சாய்ந்து 'டப்' என்று ஒரு சத்தம், கையில் துண்டைக் காணோம். கட்டைவிரல் பிட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. அன்றைக்கு அதோடு கடையைக் கட்டிவிட்டேன்.

அதனால் நான் முதலில் சொல்வது, பிடிக்க வழி தேடுவதற்கு முன்னால் துண்டைப் பெரிதாகவே வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். 400 மி.மீ. நீளமுள்ள அகலப் பலகையை எடுத்து, இரண்டு முனையிலும் குறுக்கே கழுந்தை வெட்டி, நீளவாக்கில் பட்டைகளாக அறுத்து, கடைசியில்தான் 60 மி.மீ. அளவுக்கு நறுக்க வேண்டும். ஒரு பட்டைக்கு இரண்டு துண்டு கிடைக்கும். பிட் வெளியேறும் ஓரத்தில் நார் பிய்வதும் பலகையின் ஒரு விளிம்போடு போய்விடும், அதை அறுத்துத் தள்ளிவிடலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். 300 மி.மீ.க்குக் குறைவான துண்டை டேபிள் சாவில் (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்) நீளவாக்கில் அறுப்பது வேறொரு வம்பு.

சரி, துண்டு ஏற்கெனவே சின்னதாகிவிட்டது, அல்லது இரண்டு முனையிலும் கழுந்து வேண்டும் என்றால் ஸ்லெட் (துண்டைப் பூட்டி மேசைமேல் தள்ளும் பலகை) செய்துகொள்ளுங்கள். 12 மி.மீ. பிளைவுட் ஒன்று, அதன் பின்னால் சரியான மூலைமட்டத்தில் ஒரு கட்டை, மேலே ஒரு டாகிள் கிளாம்ப் (கைப்பிடியை மடக்கினால் அழுத்திப் பூட்டிக்கொள்ளும் பிடி), அவ்வளவுதான். துண்டு உட்காரும் இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் வழுக்காது. பின்கட்டையை துண்டின் உயரத்துக்கு வைத்து, துண்டை அதோடு ஒட்டி நிறுத்துங்கள், நார் பிய்யாமல் அது தாங்கிக்கொள்ளும். கிளாம்ப் துண்டின் நடுவில் அழுத்த வேண்டும், விளிம்பில் அழுத்தினால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். ஓட்டுவதற்கு முன் மோட்டாரைப் போடாமல் ஸ்லெட்டை ஒரு தடவை முழுக்கத் தள்ளிப் பாருங்கள், கிளாம்பின் கைப்பிடி ஃபென்ஸில் இடிப்பது அப்போதுதான் தெரியும் (எனக்கு எப்போதும் இடிக்கும்). ஃபென்ஸ் இடைவெளியையும் மறக்காதீர்கள், பிட் அளவுக்கு மட்டும் துளையுள்ள ஒரு பலகையை ஃபென்ஸின் முகத்தில் திருகிவிட்டால் துண்டு உள்ளே சாய இடமே இருக்காது. ஒரே வெட்டில் முழு ஆழத்துக்கும் போகாமல் 2, 3 மி.மீ.யாக எடுங்கள்.

கிளாம்ப் போட இடமே இல்லாத மெல்லிய துண்டுக்கு மாஸ்கிங் டேப்தான். துண்டின் அடியிலும் ஸ்லெட்டிலும் டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாகத் தேய்த்து, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் குளூ விட்டு அழுத்துங்கள். பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கும், வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். தூசி இருந்தால் மட்டும் கைவிட்டுவிடும்.

அப்புறம், கை ரவுட்டரால் துளை போடுவதாக இருந்தால் பிரச்சினை வேறு. துண்டு அசையாவிட்டாலும் 20 மி.மீ. விளிம்பின்மேல் ரவுட்டரின் அடித்தட்டு ஆடும். அதே உயரமுள்ள இரண்டு கட்டைகளைத் துண்டின் இரு பக்கமும் வைத்து மூன்றையும் சேர்த்து வைஸில் இறுக்கினால் தட்டு உட்கார நல்ல அகலம் கிடைக்கும்.

கடைசியில் 60 மி.மீ. அளவுக்கு டேபிள் சாவில் குறுக்கே நறுக்கும்போது ஃபென்ஸை நேரடியாக அளவுக்கட்டையாக வைக்காதீர்கள். நறுக்கிய துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி எகிறும். பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே முடிகிற மாதிரி ஃபென்ஸில் ஒரு கட்டையைக் கட்டி, அதில் தொட்டு அளவெடுத்துக்கொண்டு பிறகு தள்ளுங்கள்.

மொத்தமே நாலு துண்டுதான் என்றால் ஸ்லெட் செய்யும் நேரத்தில் கை ரம்பமும் உளியும் வைத்து வேலையை முடித்துவிடலாம், நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.