முன்பல் போனா ஓபோ வாசிப்பும் போச்சா?

வணக்கம் சார், கீழ விழுந்ததுல முன்பல்லு ரெண்டு போச்சு, உதட்டுல தையல், இனிமே ஆர்க்கெஸ்ட்ரால ஓபோ (நாதஸ்வரம் மாதிரி சீவாளி வெச்சு ஊதுற மேல்நாட்டு வாத்தியம்) வாசிக்க முடியுமானு கேட்டிருந்தீங்க. லியோன் கூசன்ஸ் பத்தி தேடிப் பாருங்க. 1897ல லிவர்பூல்ல பொறந்தவரு, 1932ல இசை நடத்துனர் பீச்சம் ஆரம்பிச்ச லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரால முதல் ஓபோ, இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் ஓபோ கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ரா கூட வர ஓபோ முன்னால நின்னு வாசிக்கிற இசை) எழுதினதே இவருக்காகத்தான், அப்பேர்ப்பட்ட ஆளுக்கு 1962ல கார் ஆக்சிடன்ட்ல பல்லு உதடு எல்லாம் அடிபட்டுப் போச்சு, அப்ப வயசு 65 கிட்ட. மனுஷன் உதட்டை வேற மாதிரி பழக்கி சில வருஷத்துல திரும்ப மேடைக்கு வந்துட்டாரு (என்ன பிடிவாதம் பாருங்க!).

உங்களுக்கே தெரியும், ரெண்டு உதட்டையும் பல்லு மேல மடிச்சுத்தான் ரீடை (சீவாளியை) பிடிக்கிறோம், பல்லோட உயரமோ சாய்வோ கொஞ்சம் மாறினாலும் சுருதியும் சவுண்டும் மாறிடும். அதனால டென்டிஸ்ட்கிட்ட போறப்ப ஓபோவையும் எடுத்துட்டுப் போங்க, டெம்பரரி பல்லு வெச்சு கொஞ்ச நாள் வாசிச்சுப் பாத்து செட் ஆனா மட்டும் பெர்மனென்ட்டுக்கு ஓகே சொல்லுங்க. பழைய பல் மோல்டு, சிரிச்ச போட்டோ எது இருந்தாலும் அவர்கிட்ட குடுங்க, பழைய மாதிரியே பல்லு செய்யறதுக்கு.

தையல் ஆறாம ஊதவே ஊதாதீங்க ப்ளீஸ். டாக்டர் சரின்னதும் லேசான ரீடுல நீள ஸ்வரம் மட்டும், அதுவும் அஞ்சு நிமிஷம், வலிச்சா நிறுத்திடுங்க. அதுவரைக்கும் உக்காந்து ரீடு செதுக்குங்க, எப்படியும் நம்ம பொழப்புல பாதி அதுதானே. ஆர்க்கெஸ்ட்ரா மேனேஜர்கிட்ட மறைக்காம இப்பவே லீவு சொல்லிடுங்க.