மருந்துக்கு முன் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: இருபது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கொட்டகையில் ஈத் தொல்லை தாங்கவில்லை. கொஞ்ச நாளாகக் கோழிகள் உள்ளே அடையாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மருந்தை அப்புறம் பார்க்கலாம் அம்மா. முதலில் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிப் பாருங்கள். எச்சம் நனைந்து சேறாகிக் கிடக்கும். ஈ முட்டையிடுவது அந்த ஈரத்தில்தான். வெயில் காலத்தில் முட்டை ஈயாக 7 முதல் 10 நாள் போதும். எனவே வாரம் ஒருமுறையாவது ஈர எச்சத்தை அள்ளிவிட்டு, காய்ந்த உமி பரப்புங்கள். பாத்திரத்தைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். என் கொட்டகையில் ஈக்கு இவ்வளவுதான் வைத்தியம். ஈயைத் தின்னும் கோழிக்கு நாடாப்புழு வரும் என்பதால் அலட்சியம் வேண்டாம்.

மரமேறுவது வேறு கதை. எனக்கு உண்ணி மேல்தான் சந்தேகம். பகலில் இடுக்கில் ஒளிந்து, இரவில் ரத்தம் குடிக்கும். மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். ராத்திரி டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இருந்தால் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு பூசி அடையுங்கள். தீ காட்டச் சொல்வார்கள். ஓலைக் கூரையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். வயலுக்கு அடித்த மிச்சத்தைக் கொட்டகையில் தெளிக்கவே கூடாது.