வயர்லெஸ் மவுஸ் திக்குதா? மொதல்ல டாங்கிள் எங்க சொருகியிருக்குனு பாருங்க

பெங்களூரு மாரத்தஹள்ளியில பிஜி-ல தங்கி ஐடி வேலை பார்க்குற ஒரு தம்பி கேட்டிருக்கார். ராத்திரி 10 மணிக்கு மேல வேலோரன்ட்ங்குற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவாராம், ஃப்ரெண்டோட வயர்லெஸ் மவுஸை ஒரு வாரம் வாங்கி வச்சுப் பார்த்தாராம், சண்டை சூடு பிடிக்குற நேரம் பார்த்து கிராஸ்ஹேர் (ஸ்கிரீன் நடுவுல குறி பார்க்குற புள்ளி) திக்கித் திக்கி நகருதாம். "5000 ரூபாய்க்குள்ள வயர்லெஸ் வாங்கலாமா, இல்ல வயரே போதுமா? 26000 டிபிஐ-னு போட்ட ஒண்ணு ஆஃபர்ல வருது, அதை எடுக்கலாமா?" இதான் கேள்வி. கூடவே டேபிளை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பாதி பதிலை அந்த போட்டோவே சொல்லிருச்சு.

தம்பி, உங்க கம்ப்யூட்டர் கேபினட் டேபிளுக்குக் கீழ இரும்பு பீரோவை ஒட்டி இருக்கு. மவுஸோட சிக்னலை வாங்குற அந்தக் குட்டி யுஎஸ்பி துண்டு, அதான் டாங்கிள், அதை கேபினட்டோட பின்பக்கம் சொருகியிருக்கீங்க. அதுக்குப் பக்கத்து நீல யுஎஸ்பி 3 போர்ட்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கு. ஒரு டாங்கிளுக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. இப்ப வர்ற வயர்லெஸ் மவுஸ் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல தான் பேசுது, யுஎஸ்பி 3 போர்ட்ல டேட்டா ஓடும்போது அதே 2.4 பக்கத்துல ரேடியோ இரைச்சல் கிளம்பும், இது நான் கண்டுபிடிச்சது இல்ல, இன்டெல் கம்பெனியே 2012-ல இதைப் பத்தி விளக்கமா ஒரு அறிக்கை போட்டிருக்கு. அதோட பிஜி-யில மாடிக்கு ஒரு வைஃபை ரவுட்டர், ரூமுக்கு நாலு ப்ளூடூத் ஹெட்செட். நடுவுல ரெண்டு இரும்புத் தகடு, உங்க காலு வேற. இவ்வளவையும் தாண்டி சிக்னல் போகணும்னா மவுஸ் என்ன பண்ணும்?

அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. சாதாரண யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒரு ஒண்ணரை மீட்டர் வாங்கி, முன்பக்கமோ பின்பக்கமோ கருப்பு யுஎஸ்பி 2 போர்ட்ல சொருகி, மறுமுனையை மேசைக்கு மேல கொண்டு வந்து, மவுஸ் பேடுலேந்து ஒரு ஜாண் தூரத்துல டாங்கிளை வைங்க. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிடுங்க. உங்க பிசி வைஃபைல ஓடுதுனா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்க. ரெண்டு ராத்திரி விளையாடிப் பாருங்க. "மவுஸ் போச்சுண்ணா"னு ரிப்பேருக்கு என்கிட்ட வந்த எத்தனையோ பேரோட மவுஸை நான் திறக்கவே இல்ல, இதை மட்டும் செய்யச் சொல்லி அனுப்பியிருக்கேன், அப்புறம் அவங்க திரும்ப வரல.

வயர்லெஸ்னாலே லேட் ஆகும்ங்குறது பழைய கதை. நல்ல 2.4 டாங்கிள் நொடிக்கு 1000 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும், அதாவது 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, வயர் மவுஸும் அதே தான். ப்ரோ பிளேயர்ஸ்ல நிறைய பேர் எப்பவோ வயரை விட்டாச்சு. ஆனா ப்ளூடூத் வேற விஷயம், அது பெரும்பாலும் நொடிக்கு 125 தடவை மாதிரி தான் பேசும், அதாவது 8 மில்லி செகண்ட் இடைவெளி, கையிலயே அந்த இழுவை தெரியும். வயர், டாங்கிள், ப்ளூடூத்னு மூணு மோடு இருக்குற மவுஸ் வாங்குனா பகல்ல ஆபீஸ் லேப்டாப்ல ப்ளூடூத், ராத்திரி கேமுக்கு டாங்கிள்னு வச்சுக்கங்க. விளையாடுறப்ப அடியில இருக்குற சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குனு ஒரு தடவை பார்த்துக்கங்க, ப்ளூடூத்லயே விட்டுட்டு மவுஸைத் திட்டுறவங்க நிறைய.

இப்ப அந்த 26000 டிபிஐ. டிபிஐ-னா ஒரு இஞ்ச் நகர்த்துனா மவுஸ் எத்தனை எண்ணி அனுப்புதுங்குறது, அவ்வளவு தான். 26000 டிபிஐ-ல வச்சா, 1920 பிக்சல் அகல ஸ்கிரீன்ல கர்சர் இந்த ஓரத்துலேந்து அந்த ஓரம் போக 1.9 மில்லிமீட்டர் போதும். ஒரு அரிசியோட நீளம் கூட இல்ல. யார் அப்படி விளையாடுறா? வேலோரன்ட்ல பொதுவா எல்லாரும் 400, 800, 1600 இந்த மூணுல ஒண்ணு தான் வைக்குறாங்க. நீங்க 800 வச்சு கேமுக்குள்ள சென்சி (சென்சிட்டிவிட்டி) 0.3 வச்சீங்கன்னா முழுசா ஒரு சுத்து திரும்ப கிட்டத்தட்ட 54 சென்டிமீட்டர் இழுக்கணும். போட்டோல உங்க பேடு பாதி ஏ4 பேப்பர் அளவுக்குத் தான் தெரியுது, அதுல 90 டிகிரி திரும்புறதுக்கே இடம் பத்தாது, மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பீங்க. அப்படித் தூக்குற ஆளுக்கு பெட்டியில போட்ட டிபிஐ-யை விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, லிஃப்ட் ஆஃப் தூரம், அதாவது எவ்வளவு உயரம் தூக்குனதும் சென்சார் பார்க்குறதை நிறுத்துதுங்குறது. 1 மில்லிமீட்டர்ல நிறுத்துனா நல்லது, அதிகமா இருந்தா தூக்கி வைக்குறப்பல்லாம் எய்ம் துள்ளும்.

சென்சாரோட பேரைப் பாருங்க, பெட்டியில இருக்குற நம்பரை விட அது உதவும். பிக்ஸ்ஆர்ட்னு ஒரு தைவான் கம்பெனி, அவங்க 3370, 3395, 3950-னு நம்பர் போட்டு விடுற சென்சார் தான் நிறைய பிராண்டு மவுஸுக்குள்ள உட்கார்ந்திருக்கு. லாஜிடெக்குல ஹீரோனு தனியா வச்சிருக்காங்க. இதுல எது இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். 400 ஐபிஎஸ்னு போட்டிருந்தா நொடிக்கு 400 இஞ்ச், அதாவது 10 மீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம், மனுஷன் கை அந்த வேகத்துக்குப் போகவே போகாது. சென்சார் பேரையே சொல்லாம டிபிஐ-யை மட்டும் பெருசாப் போட்டிருக்குற பெட்டியை வாங்காதீங்க.

நான் உயிரைக் கொடுத்துச் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், உங்க கையை அளந்துட்டு வாங்குங்க. அல்சூர்ல என் அக்கா பையன் ஒருத்தன், யாரோ சொன்னாங்கனு பெரிய முதுகு வச்ச மவுஸ் ஒண்ணு வாங்கி ஆறு மாசம் விளையாடினான். அவன் கை 17 சென்டிமீட்டர், அதுல உள்ளங்கை முழுக்க மேல ஏறிடும், அதனால விரலால சின்னதா திருத்த முடியாம முழங்கையிலேந்தே இழுப்பான், மணிக்கட்டு வலினு சொல்லிக்கிட்டே இருந்தான். சின்னதா, குட்டையா இருக்குற ஒண்ணைக் கொடுத்தேன். வலி ஒரு மாசத்துல குறைஞ்சுது. சென்சார் ரெண்டுலயும் ஒண்ணே தான்.

அளக்குறது சுலபம். நடுவிரல் நுனியிலேந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும் ஸ்கேல் வச்சு நீளம் எடுங்க, கட்டைவிரலை விட்டுட்டு நாலு விரல் முட்டிக்குக் கீழ அகலம் எடுங்க. மவுஸோட நீளம் உங்க கை நீளத்துல 60 சதவீதத்துக்குப் பக்கத்துல இருந்தா ஓரளவு சரியா உட்காரும்னு பிளேயர்ஸ் ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 19 சென்டிமீட்டர் கைக்கு 11.4 வரும். இது கறாரான சட்டம் இல்ல, ஏன்னா நீங்க பிடிக்குற விதம் இருக்கே, முழு உள்ளங்கையையும் மேல சாய்க்குறவங்களுக்கு முதுகு உயரமா வேணும், விரலை நகம் மாதிரி மடக்கிப் பிடிக்குறவங்களுக்கு பின்பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தா போதும், விரல் நுனியில மட்டும் பிடிக்குறவங்களுக்கு சின்னதா தட்டையா இருந்தா தான் ஓடும். நீங்க எந்த ரகம்னு தெரியலைனா கோரமங்களா பக்கம் ஏதாவது கேமிங் கஃபேல ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, ரெண்டு மூணு மவுஸ் மாத்தி மாத்தி விளையாடிப் பாருங்க. நெட்டுல பத்து வீடியோ பார்க்குறதை விட அது மேல்.

அடுத்து எடை. ரேசர் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம், லாஜிடெக் சூப்பர்லைட் 2 60 கிராம், இதெல்லாம் உங்க பட்ஜெட்டுக்கு மேல, ஆனா இந்தக் காலத்துல எது இலகுங்குறதுக்கு இது அளவு. 100 கிராம் மவுஸ்ல விளையாட முடியாதுனு இல்ல, ஒரு மணி நேரம் போனதும் இழுத்து நிறுத்துறப்ப தான் வித்தியாசம் தெரியும், குறிச்ச இடத்துல நிக்காம கொஞ்சம் தாண்டிப் போயிடும்.

கிளிக் சுவிட்ச் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா எஸ்பி ரோட்டுல என் மேஜைக்கு வர்ற கேமிங் மவுஸ்ல பாதிக்கு மேல இந்த ஒரு வியாதி தான், ஒரு தடவை அழுத்துனா ரெண்டு தடவை விழும். போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு கொண்டு வந்த மவுஸை திறந்தேன், இடது சுவிட்ச்சோட மூடியை பிளேடால நெம்பி எடுத்தா உள்ள ஒரு நகம் அளவு செம்புப் பட்டை, அது போய்த் தொடுற இடத்துல கருப்பா ஒரு புள்ளி. அவ்வளவு தான் வியாதி. தொடுற ரெண்டு உலோகமும் அழுக்கேறி கருத்துப் போச்சுனா அழுத்துறப்ப தொடர்பு விட்டு விட்டு வரும், கம்ப்யூட்டர் அதை ரெண்டு கிளிக்னு எடுத்துக்கும். சோல்டரிங் அயர்ன் வச்சு பழசை எடுத்துட்டு புது சுவிட்ச் போட்டா 20 நிமிஷ வேலை. ஆப்டிகல் சுவிட்ச்ல உலோகம் உலோகத்தைத் தொட்டு சிக்னல் கொடுக்குறதில்ல, ஒளிக்கதிரை மறிச்சோ விட்டோ தான் கிளிக் பதிவாகுது, அதனால இந்த வியாதி வராது. பட்ஜெட்டுக்குள்ள ஆப்டிகல் சுவிட்ச் கிடைச்சா அதுக்கே போங்க. கிடைக்கலைனா பரவாயில்ல, வாரண்டி எத்தனை வருஷம்னு மட்டும் பார்த்துக்கங்க.

4000, 8000 ஹெர்ட்ஸ் போலிங்னு (மவுஸ் நொடிக்கு எத்தனை தடவை தகவல் கொடுக்குதுங்குறது) போட்டிருக்குறதுக்கு நீங்க காசு கொடுக்க வேணாம். உங்க மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அது 7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் காட்டுது, 1 மில்லி செகண்ட் மவுஸ் அதுக்குத் தாராளம். 8000 வச்சா பேட்டரி கடகடன்னு இறங்கும், ப்ராசசருக்கும் வேலை கூடும்.

உங்க 5000-க்கு என் யோசனை. கை 18 சென்டிமீட்டரோ அதுக்குக் கீழயோ இருந்தா லாஜிடெக் ஜி304 இன்னமும் நல்ல பொருள், 3000 ரூபாயைச் சுத்தி வரும், ஹீரோ சென்சார், ஒரே ஒரு ஏஏ செல்லுல மாசக்கணக்குல ஓடும். குறை என்னன்னா செல்லோட சேர்த்து 99 கிராம். அல்கலைன் செல் 23 கிராம் இருக்கும், அதை எடுத்துட்டு 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல் போட்டா 15 தான், அங்கேயே 8 கிராம் இறங்கிடும். மிச்சக் காசுக்கு 45 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு துணி பேடு வாங்குங்க. கை பெருசுனா 3395 சென்சார் போட்டு, 60, 65 கிராம்ல, டைப் சி சார்ஜிங்கோட இந்த விலையிலேயே வர்ற மவுஸ் இருக்கு, அதுல உங்க கை நீளத்துக்குப் பொருந்துறதைப் பாருங்க.

ஜிஎஸ்டி பில் இல்லாம 300 ரூபாய் கம்மியா தர்றேன்னா வாங்காதீங்க, வாரண்டிக்குப் போறப்ப சீரியல் நம்பரும் பில்லும் தான் பேசும். எனக்கே ஒரு தடவை பில்லுல சீரியல் நம்பர் எழுதாம விட்டதால ஒரு மவுஸை திருப்பி அனுப்பிட்டாங்க, எவ்வளவு கேட்டும் நடக்கல. பெட்டியைப் பிரிக்குறப்ப வெட்டாம ஒரே வீடியோவா எடுத்து வைங்க. முதல் வாரமே எல்லாத்தையும் சோதிச்சிடுங்க. காதுக்குப் பக்கத்துல வச்சு லேசா ஆட்டிப் பாருங்க, உள்ள ஏதும் கடகடங்கக் கூடாது. விண்டோஸ்ல எப்படியும் இருக்குற பெயின்ட்டைத் திறந்து, இடது பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் வட்டம் வட்டமா வரைங்க, கோடு நடுவுல அறுந்தா சுவிட்ச் சரியில்ல, வட்டமா வராம நேர்கோடா தாவினா சிக்னல் சரியில்ல. அதே சோதனையை டாங்கிளைக் கிட்ட வச்சு ஒரு தடவை, தள்ளி வச்சு ஒரு தடவை பண்ணுங்க, கிட்ட வச்சும் அறுந்தாலோ தாவினாலோ தயங்காம மாத்திடுங்க. விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்ல பாயின்டர் பிரெசிஷனைக் கூட்டுற டிக்கையும் எடுத்துடுங்க, டெஸ்க்டாப்ல கை போற தூரத்துக்கும் கர்சர் போற தூரத்துக்கும் சம்பந்தமில்லாம ஆக்குறது அது தான்.

எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரெண்டு ராத்திரி விளையாடிட்டு என்ன ஆச்சுனு எழுதுங்க தம்பி, கையோட நீளம் அகலம் ரெண்டையும் சென்டிமீட்டர்ல சேர்த்து அனுப்புங்க, எந்த சைஸ் மவுஸ்னு அதை வச்சு சொல்றேன்.