25 வயதில் விட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் பல வருடங்களாக மியூனிக் பக்கத்தில் வசிக்கிறோம். மகளுக்கு 23 வயது. எட்டு வயதிலிருந்து நீச்சல்தான் அவள் உலகம். மாநில அளவில் சில பதக்கங்கள் உண்டு. தேசிய அளவில் இறுதிச் சுற்றோடு சரி. இப்போது திடீரென்று, "இந்த சீசனோடு போதும்மா" என்கிறாள். ஏன் என்று கேட்டால், "மக்தலேனா நொய்னரே 25 வயதில் விட்டுட்டாங்களே" என்று வாயை அடைக்கிறாள். ஜெர்மனியின் பயத்லான் வீராங்கனையான நொய்னர் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு விட்டார். இவள் எதை ஜெயித்தாள்? விடியற்காலையில் குளத்துக்குக் கார் ஓட்டிய என் வருடங்கள் எல்லாம் வீண்தானா? - ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு வாதாடத் தெரிந்திருக்கிறது. நொய்னரின் சொந்த மாநிலமான பவேரியாவில் உட்கார்ந்துகொண்டு அவரையே சாட்சிக்கு அழைத்தால் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் அந்தச் சாட்சியை முழுதாக விசாரித்துப் பாருங்கள். உங்கள் இருவருக்குமே அதில் கொஞ்சம் சாதகம் இருக்கிறது.

பனியே பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பயத்லான் என்பது பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த போட்டி. மூன்றரை கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவர வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது அந்த வட்டத்தின் குறுக்களவு வெறும் 45 மில்லிமீட்டர். நின்று சுடும்போது 115. பெரும்பாலான போட்டிகளில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓடிவிட்டுத்தான் பாதைக்குத் திரும்ப முடியும். நொய்னர் சறுக்குவதில் சூறாவளி. நின்று சுடுவதுதான் அவருக்குத் தகராறு. மற்றவர்களை வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு வருவார், கடைசிச் சுடுதலில் இரண்டு மூன்றைக் கோட்டை விடுவார், மறுபடி விரட்டிப் பிடிப்பார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

வால்காவ் என்ற சின்ன ஊர்க்காரி. 2007இல் இத்தாலியின் ஆண்டோல்ட்ஸில் உலக சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு 20 வயது பிறந்தது. அங்கேயே மூன்று தங்கம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் முதல் போட்டியில் ஒன்றரை விநாடியில் தங்கத்தை விட்டார், பிறகு இரண்டு தங்கம் எடுத்தார். அதற்கப்புறம் தொடர் ஓட்டத்தில் தன் இடத்தைச் சக வீராங்கனைக்கு விட்டுக்கொடுத்தார். பதக்கம் கிட்டத்தட்ட கைக்குள் இருந்த இடம் அது. ஜெர்மனி அதில் வெண்கலம் வென்றது. எனக்கு அவருடைய தங்கங்களைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. வெற்றியை எண்ணிக்கொண்டே இருக்கும் ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஓய்வுக்கு வருவோம். அவர் ஏதோ ஒரு நாள் தோற்றுவிட்டுக் கோபத்தில் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. 2011 டிசம்பர் 6ஆம் தேதி, சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, இந்த சீசனோடு முடித்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடினார். சொந்த மாநிலத்து ரூபோல்டிங்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். சீசன் முழுக்க நடக்கும் உலகக் கோப்பைத் தொடரில் மூன்றாவது முறையாக ஒட்டுமொத்தப் பட்டம். மார்ச்சில் சைபீரியாவின் காந்தி-மான்சிஸ்கில் கடைசிப் போட்டி. மொத்தம் 12 உலகப் பட்டங்கள், 34 உலகக் கோப்பை வெற்றிகள். சாதிக்க நினைத்ததெல்லாம் முடிந்தது, இனி சாதாரண வாழ்க்கை வேண்டும் என்றார். கல்யாணம், குழந்தைகள், பின்னல் வேலை என்று அதைத்தான் வாழவும் செய்கிறார். (கம்பளி பின்னுவதில் அவருக்கு இருந்த பித்து ஜெர்மனி முழுக்கத் தெரியும்.)

உங்கள் மகளிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். 25 என்ற வயதை மட்டும் நொய்னரிடமிருந்து எடுத்துக்கொண்டாயா, அவர் விட்ட விதத்தையும் எடுத்துக்கொண்டாயா? மோசமான ஒரு போட்டிக்கு மறுநாள் எடுத்த முடிவா, மாதக்கணக்காக மனதில் ஓடுவதா? விட்ட பிறகு காலையில் எழுந்து எங்கே போகப்போகிறாள்? படிப்போ வேலையோ ஒரு பதில் இருந்தால் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. நொய்னர் ஜெர்மன் சுங்கத் துறையின் விளையாட்டு அணியில் இருந்தார்; ஓடிய காலத்தில் சோற்றுக்குக் கவலை இல்லை. உங்கள் மகளுக்கு அந்த வசதி இல்லையென்றால், 23 வயதில் கணக்குப் போட்டுப் பார்ப்பது பொறுப்பான காரியம்தான்.

"ஜெயிக்காமல் விடலாமா" என்கிறீர்கள். ஊஷி டிஸ்ல் என்று ஒரு பயத்லான் வீராங்கனை இருந்தார், அவரும் பவேரியாதான். ஒலிம்பிக்கில் ஒன்பது பதக்கம், ஆனால் தனிநபர் தங்கம் கடைசிவரை இல்லை. 2005இல், 34 வயதில், உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தனிநபர் தங்கம் எடுத்தார். உங்கள் கட்சிக்கு இவர் நல்ல சாட்சி. ஆனால் அவருக்கு அத்தனை வருடமும் ஓட ஆசை இருந்தது. ஆசை விட்டுப்போன பெண்ணைக் குளத்தில் தள்ளி எந்தத் தாயும் பதக்கம் எடுத்ததில்லை.

தயவுசெய்து லவுரா டால்மையர் பெயரை இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். யாராவது இழுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அவரும் பயத்லானில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மன் வீராங்கனை, 2019இல் 25 வயதில் ஓய்வு பெற்றவர். 2025 ஜூலையில் பாகிஸ்தானில் காரகோர மலைத்தொடரின் லைலா சிகரத்தில் கல்சரிவில் இறந்துபோனார். சீக்கிரம் விட்டதால் வந்த வினை என்று பேசுவது அநியாயம். ஓடிய காலத்திலேயே மலை ஏறியவர் அவர்.

அந்தக் கார் வருடங்கள்? நேர்மையாகச் சொன்னால், அவற்றை மகள் பதக்கமாகத் திருப்பித் தர வேண்டும் என்று நீங்கள் அப்போது ஒப்பந்தம் போடவில்லை. பதினைந்து வருடம் அதிகாலையில் எழுந்த பழக்கம் அவளிடம் இருக்கிறது, உடம்பு உறுதியாக இருக்கிறது. அம்மாவோடு காரில் பேசியதும் இருக்கும். அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். சீசனை முடித்துவிட்டு விடச் சொல்லுங்கள், பயிற்சியாளரிடம் அவளே நேரில் சொல்லட்டும். அப்புறம், தினமும் பல கிலோமீட்டர் நீந்திய உடம்பை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு விளையாட்டு மருத்துவரைப் பார்த்து அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.